வாசலில் வெள்ளைப் புகை

மார்கழி விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிற சுகம், போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அதிலும் எங்கள் கருக்களாச்சேரி கடலை ஒட்டிய ஊர். காரைக்காலைச் சேர்ந்த மீனவர் கிராமம். இருட்டில் அலைச் சத்தம் ஒரு பக்கம், கோயில் ஒலிபெருக்கி ஒரு பக்கம். நடுவில் நான், கையில் கோலமாவுக் கிண்ணத்தோடு. இரண்டு வருஷத்துக்கு முன் அப்படி ஒரு மார்கழியில், பதினைந்து புள்ளிக் கோலம் ஒன்றை முடித்துவிட்டு அப்பாடா என்று நிமிர்ந்தேன். ‘கர்ர்ர்... கர்ர்ர்...’ என்று ஒரு சத்தம். அடுத்த நிமிஷம் என் கோலத்தையும் காணோம், எதிர் வீட்டையும் காணோம். வெள்ளை வெளேரென்று புகை! நெடி மூக்கில் ஏறி, கண்ணிலிருந்து நீர் கொட்டியது. புகைக்குள்ளிருந்து எதிர் வீட்டு அக்காவின் குரல் மட்டும் கேட்டது: “ஏண்டி, உங்க வீட்டுல போகிய இப்பவே கொண்டாடுறீங்களா?”

அந்தப் புகையைப் பற்றித்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன். “காரும் டீஸலும் ஆண்பிள்ளைகள் விவகாரம், நமக்கு எதற்கு?” என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள், சகோதரிகளே. அந்தப் புகைக்குச் சாட்சி சொல்ல வாசலில் வேறு யாரும் இருக்கவில்லை, நான்தான் இருந்தேன்.

எங்களுடையது டீஸல் அம்பாஸடர். என் மாமனார் அந்த நாளில் வாடகைக்கு ஓட்டிய வண்டி. அம்பாஸடரைச் செய்து வந்த கல்கத்தா உத்தர்பாரா தொழிற்சாலை 2014-லேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. எங்கள் வண்டியோ நிற்க மனமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரசவ வலி கண்ட பெண்களை எத்தனை நள்ளிரவில் அது காரைக்காலுக்குக் கொண்டு போய்ச் சேர்த்திருக்கிறது என்பதற்குக் கணக்கே கிடையாது. வழியில் அதற்குள்ளேயே பிறந்த பையன் ஒருவன் இப்போது விசைப்படகில் டிரைவராக இருக்கிறான்! 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தபோது, கார் வெளியூர் சவாரி போயிருந்தது. அதனால் அதுவும் பிழைத்தது, அதை ஓட்டிப் போன மாமனாரும் பிழைத்தார்.

மாமனார் காலமான பிறகு விற்றுவிடலாம் என்ற பேச்சு வந்தது. அத்தை, அதாவது என் மாமியார், ஒரே பார்வையில் அந்தப் பேச்சை நிறுத்திவிட்டார். பிறகு அத்தைக்கே அந்தக் கார் தேவைப்படும் நாள் வந்தது. இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் டயாலிஸிஸ் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திங்கள், புதன், வெள்ளி. காலை ஆறு மணிக்கு முதல் முறை. நான்கு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புவார்கள். திரும்பும்போது அத்தை துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருப்பார். “ஆட்டோவில் போகலாமே?” என்று நீங்கள் கேட்பீர்கள். போய்ப் பார்த்தோம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அத்தை பல்லைக் கடித்ததைப் பார்த்த பிறகு, இன்னொரு தடவை அதில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. அம்பாஸடரின் பின் ஸீட் கட்டில் மாதிரி. என் மடியில் தலை வைத்து, காலை நீட்டிப் படுத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்துவிடுவார்.

இப்போது தெரிகிறதல்லவா, விடியற்காலை ஐந்து மணிக்கு அந்த எஞ்சின் பிடித்தாக வேண்டியதன் அவசரம்?

முதலில் வந்தது சாதாரணத் தொந்தரவுதான். ராத்திரி முழுவதும் நின்ற காரை விடியற்காலையில் ஸ்டார்ட் செய்தால், செல்ஃப் அடிக்க அடிக்கப் பின் குழாயிலிருந்து வெள்ளைப் புகை வரும். நான்கைந்து தடவை அடித்த பிறகு எஞ்சின் பிடிக்கும். பிடித்த பின்பும் ஒரு கால் நொண்டுகிற ஆளைப் போல ‘தட்... தட தட்... தட்’ என்று ஓடும். ஐந்து நிமிஷத்தில் புகை நின்று, சத்தம் சீராகி, ஒன்றுமே அறியாத பிள்ளை மாதிரி ஆகிவிடும். என் கணவர் டவுனில் ஓர் ஒர்க் ஷாப்பில் கொண்டு போய் விட்டார். இரண்டு ஹீட்டர் பிளக் எரிந்து போயிருக்கிறது என்று புதிதாகப் போட்டார்கள். போடுவதோடு, நாஸில்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, டீஸல் குழாயையும் கழற்றிப் பார்த்து மாட்டி, எல்லாவற்றுக்கும் சேர்த்து பில் கொடுத்தார்கள்.

மூன்று நாள் கார் பிரமாதமாக இருந்தது. நாலாவது நாள் ஆரம்பித்தது, முன்னைவிட மோசமாக! செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்கும், எஞ்சின் பிடிக்கவே பிடிக்காது. பேட்டரி சோர்ந்து போகும் சமயத்தில் குப்பென்று பிடித்து, நான் முதலில் சொன்னேனே, அந்தப் பனிமூட்டத்தைக் கக்கும். என் கணவர் காருக்கு வெளியே பரம சாது. காருக்குள் உட்கார்ந்து சாவியைத் திருப்பி அது பிடிக்கவில்லை என்றால், அவர் பேசும் பாஷையை இங்கே எழுத முடியாது.

மறுபடியும் ஒர்க் ஷாப். அங்கே கார் ஒரு தொட்டால் பிடித்தது! ஏன் பிடிக்காது? வீட்டிலிருந்து அத்தனை தூரம் ஓடிச் சூடேறி அல்லவா போய் நிற்கிறது? வயிற்றுவலி என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினால், அங்கே போனதும் அது சிரித்துக்கொண்டு ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து இழுக்குமே, அந்தக் கதைதான். “பம்ப் தேய்ந்து போச்சு சார். வெளியூருக்கு அனுப்பி முழுக்கப் பார்க்கணும். இருபத்தெட்டாயிரம் ஆகும்” என்றார்கள். டீஸல் எஞ்சினுக்கு அந்தப் பம்ப்தான் இருதயம் என்கிறார்கள். இருதயத்தில் கோளாறு என்றால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? ராத்திரி நானும் அவரும் கணக்குப் போட்டோம். கணக்கு என் இரட்டைவடச் சங்கிலியில் வந்து நின்றது.

அந்த வெள்ளிக்கிழமைதான் அது நடந்தது. ஐந்து மணிக்கு உட்கார்ந்தவர் ஐந்தே முக்கால் வரைக்கும் செல்ஃப் அடித்தார். பேட்டரி செத்துவிட்டது. கார்த் தள்ள நான்கு பையன்கள் வந்தார்கள். மணலில் சக்கரம் புதைந்ததுதான் மிச்சம். ஆட்டோ கிடைத்துப் போய்ச் சேர்ந்தபோது ஏழு மணியாகிவிட்டது. அத்தையின் இடத்தில் வேறொருவரைப் படுக்க வைத்து மிஷினை ஓட்டிவிட்டார்கள். அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. மத்தியானம் ஒரு மணிக்குத்தான் அத்தைக்கு முறை வந்தது. அதுவரைக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தை, என் கையைப் பிடித்துக்கொண்டு, “உன் சங்கிலிய விக்காதே. காரை வித்துடச் சொல்லு” என்றார். அந்தக் காரை விற்கக் கூடாதென்று பார்வையாலேயே எங்களை அடக்கினவர்!

அன்று சாயங்காலம் கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரிக்கை வந்து, படகெல்லாம் கரையில் நின்றது. படகு நின்றால் பெரிய மாமாவுக்கு ஓய்வு. பெரிய மாமா என் கணவரின் பெரியப்பா முறை. விசைப்படகுகளின் எஞ்சின்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புத் தாண்டாதவர். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டே எந்தப் படகு வருகிறது என்று சொல்வார். “கார் வேற, படகு வேற” என்று இத்தனை நாள் என் கணவர் அவரைக் கூப்பிடவே இல்லை. அத்தைதான் ஆள் அனுப்பினார்.

வந்தவர் பானெட்டைத் திறக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: “செல்ஃப் அடிக்கிறப்பவே பின்னால புகை வருதா? இல்லே, எஞ்சின் புடிச்ச பொறவு வருதா?”

என் கணவர் விழித்தார். சாவியைப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருக்கிறவருக்குப் பின்னால் நடப்பது எப்படித் தெரியும்?

நான் கதவோரத்திலிருந்து சொன்னேன்: “முன்னெல்லாம் அடிக்கிறப்பவே வந்திச்சு மாமா. ஒர்க் ஷாப்புலேருந்து வந்ததுக்கப்புறம் அடிக்கிறப்போ துளிப் புகை கிடையாது. ரொம்ப நேரம் கழிச்சுப் புடிக்கிறப்போதான் மொத்தமா வருது.”

பெரிய மாமா காப்பியைக் கீழே வைத்துவிட்டார். “அடி என் மருமவளே! இது ரெண்டு வியாதில்ல! ஒண்ணு போயி இன்னொண்ணு வந்திருக்கு” என்றார்.

அவர் எனக்கு விளக்கின விதத்திலேயே உங்களுக்கும் சொல்கிறேன். எங்கள் பரணில் அத்தையின் பழைய பம்ப் ஸ்டவ் ஒன்று இருக்கிறது. உங்கள் பாட்டி வீட்டிலும் இருந்திருக்கும். அதைப் பற்ற வைக்க முதலில் தலைக் கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட்டையோ மண்ணெண்ணெயையோ ஊற்றிக் கொளுத்தி, மேலே இருக்கும் குழாயைச் சூடாக்க வேண்டும். சூடேறிய பிறகு பம்ப் அடித்தால், நீலமாக ‘ஸ்ஸ்’ என்று எரியும். அவசரப்பட்டு முன்னாலேயே அடித்தால் எண்ணெய் எண்ணெயாகவே பீறிட்டுப் புகையும். பம்ப் அடித்தும் ஒன்றுமே வரவில்லை என்றால் அது வேறு சங்கதி. எண்ணெய் மேலே ஏறவே இல்லை என்று அர்த்தம்.

டீஸல் எஞ்சினும் அதே ஜாதிதான். பெட்ரோல் எஞ்சினில் இருப்பதைப் போலப் பொறி போட்டு எரிய வைக்கும் பிளக் இதில் கிடையாது. உள்ளே இழுத்த காற்றை இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில் அமுக்கும்போது, அந்தக் காற்று 500 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. அந்தக் கொதிப்பில் நாஸில் டீஸலைப் பனித்துளி போலத் தெளிக்க, தானாகப் பற்றிக்கொள்கிறது. ராத்திரி முழுவதும் ஆறிக் கிடந்த இரும்பு, அந்தச் சூட்டைத் தானே குடித்துவிடும். அதற்காகத்தான் ஸ்டவ்வுக்கு ஸ்பிரிட் மாதிரி இதற்கு ஹீட்டர் பிளக். “நம் ஊரில் ஏது குளிர்? மார்கழியிலும் இருபத்திரண்டு டிகிரிக்குக் கீழே போவதே அபூர்வமாயிற்றே?” என்று நான்கூட நினைத்தேன். பழைய எஞ்சினுக்கு அந்தக் குளிர் போதுமாம்.

ஆகவே செல்ஃப் அடிக்கும்போதே வெள்ளைப் புகை வந்தால், டீஸல் வந்து சேர்ந்துவிட்டது. எரிய வைக்கச் சூடுதான் போதவில்லை. ஹீட்டர் பிளக்கைப் பார், பேட்டரியைப் பார், எஞ்சினின் அமுக்கும் பலத்தைப் பார். அடிக்கும்போது புகையே இல்லை என்றால் டீஸலே வரவில்லை. டாங்கியிலிருந்து பம்ப் வரைக்கும் உள்ள வழியைப் பார். இவ்வளவுதான் சூட்சுமம். இதைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் என் கணவரால் பதில் சொல்லியிருக்க முடியாது.

புகையின் நிறத்தைப் பற்றியும் அன்று பாடம் நடந்தது. கருப்புப் புகை என்றால் டீஸல் அதிகம், காற்றுக் குறைவு. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது நாஸில் தெளிக்காமல் ஒழுக்கும். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயிலே எரிகிறது. அப்பளம் பொரித்த எண்ணெய் காய்ந்து போனால் வருமே, ஏறக்குறைய அந்த நெடி. வெள்ளையிலும் ஒரு கள்ள வெள்ளை உண்டு. எஞ்சின் சூடான பிறகும் நிற்காமல், கண் எரியாமல், நீராவி மாதிரி வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் உள்ளே தண்ணீர் கசிகிறது. அது பெரிய செலவு. எங்கள் புகையில் கண் எரிந்தது. “கண்ணு எரியுதா? அப்ப நல்லது” என்றார் பெரிய மாமா. கண் எரிந்ததற்காக சந்தோஷப்பட்டது அன்றுதான்.

“ஒரு வாரம் எழுதி வை” என்று எனக்குப் பரீட்சை வைத்துவிட்டுப் போனார். அந்த வாரம் எதற்கும் இருக்கட்டும் என்று ஆட்டோவுக்கும் சொல்லி வைத்துக்கொண்டோம். பால் கணக்கு நோட்டிலேயே எழுதினேன். எத்தனை மணிக்குக் கார் நின்றது, எத்தனை மணிக்கு எடுத்தோம், எத்தனை தடவை அடித்தது, புகை எப்போது, எவ்வளவு நேரம். இரண்டு நாள் மட்டும் ஒரே அடியில் பிடித்திருந்தது. ஒரு நாள், ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் கல்யாண வீட்டிலிருந்து கார் திரும்பியிருந்தது. ஐந்து மணி நேரம்தான் நின்றது. அது புரிகிறது. மற்றது ஏன்? யோசித்துப் பார்த்தபோது ஞாபகம் வந்தது. அன்று பக்கத்து வீட்டில் பந்தல் போட்டிருந்ததால், எங்கள் வாசலில் இடமில்லாமல் சாலையிலிருந்து இறங்கும் சரிவில் மூக்குக் கீழே இருக்கும்படி காரை நிறுத்தியிருந்தார்கள்.

நோட்டைப் படித்துவிட்டுப் பெரிய மாமா தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். அம்பாஸடரின் டாங்கி பின்னால் டிக்கியின் பக்கம் இருக்கிறது, எஞ்சின் முன்னால். சமதரையில் நின்றால், நடுவில் எங்கேயோ காற்று நுழைந்து, குழாயில் இருக்கும் டீஸல் ராத்திரியோடு ராத்திரியாக டாங்கிக்கே திரும்பிப் போகிறது. மூக்குச் சரிந்து நின்றால் டாங்கி மேலே இருப்பதால் திரும்ப முடியவில்லை. “பம்பு தேஞ்சிருந்தா மேடு பள்ளம் பாக்குமா?” என்று கேட்டார்.

மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்குக் கையில் டார்ச்சோடு வந்துவிட்டார். அந்த நேரத்துக்கு வந்ததுதான் முக்கியம்; காரின் வியாதி இருக்கிற நேரத்தில் வந்த முதல் வைத்தியர் அவர்தான். முதலில் செலவில்லாத பரீட்சை. ஃபீட் பம்ப்பில் கையால் அடிக்க ஒரு குமிழ் இருக்கும். அதை இருபது முப்பது தடவை அழுத்தினார். ஆரம்பத்தில் வெறுமனே போய்வந்த குமிழ், பிறகு கனத்தது. “இப்ப அடி” என்றார். ஹீட்டரைப் போட்டு இருபது எண்ணிவிட்டு என் கணவர் சாவியைத் திருப்பினார். ஒரே அடியில் பிடித்தது! நாற்பது நாள் கழித்து எங்கள் வாசலில் கேட்ட நல்ல சத்தம் அது.

அடுத்ததாக எஞ்சினை நிறுத்திவிட்டு, ஃபீட் பம்ப்புக்கு டீஸல் வருகிற குழாயில், தெள்ளத் தெளிவாகத் தெரியும் ஒரு முழ பிளாஸ்டிக் ட்யூபை நடுவில் சேர்த்துக் கிளிப்புப் போட்டு இறுக்கினார். திரும்ப ஸ்டார்ட் செய்து டார்ச் அடித்துக் காட்டினார். ட்யூபுக்குள் டீஸலோடு கூடச் சின்னச் சின்னக் குமிழிகள், சோடா பாட்டிலில் போவதுபோல வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. “பாத்தியா காத்த?” என்றார். இத்தனை நாளும் வெளியே ஒரு சொட்டு டீஸல் ஒழுகவில்லையே என்று கேட்டேன். அந்த இடத்தில் பம்ப் உறிஞ்சுகிறது. உறிஞ்சுகிற இடத்தில் எண்ணெய் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும். இளநீரில் போட்ட உறிஞ்சு குழலில் மேலே ஓர் ஓட்டை இருந்தால் எப்படி? இளநீர் சிந்தாது, நம் வாய்க்குத்தான் காற்று வரும்.

ட்யூபை டாங்கிப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்த்ததில் இரண்டு இடம் அகப்பட்டது. ஒர்க் ஷாப்பில் கழற்றி மாட்டிய இணைப்பில் பழைய செம்பு வாஷரையே திரும்பப் போட்டிருந்தார்கள். ஒரு தடவை நசுங்கிய வாஷர் மறுபடி சரியாகப் படியாது. அதற்குப் பின்னால் இருந்த ரப்பர்க் குழாயிலும் மயிரிழை அளவில் வெடிப்பு. அது யார் தப்பும் இல்லை, வயசு. 1993-ல் அமெரிக்காவில் கந்தகம் குறைந்த டீஸல் புதிதாக வந்தபோது, பழைய வண்டிகளின் பம்ப்பில் இருந்த ரப்பர் வளையங்கள் சுருங்கிப் பல இடங்களில் கசிவு கண்டதாம். நம் நாட்டில் 2020 ஏப்ரலிலிருந்து விற்கிற டீஸலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். எங்கள் குழாய் அதனால்தான் போயிற்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பழைய டீஸல் கார் வைத்திருக்கிறவர்கள் ரப்பரை ஒரு தடவை தொட்டுப் பார்ப்பது நல்லது.

புது வாஷர் இரண்டு, ரப்பர்க் குழாய் ஒரு முழம், கிளிப்பு நாலு. முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. இருபத்தெட்டாயிரம் எங்கே, முந்நூறு எங்கே! சங்கிலி கழுத்திலேயே இருக்கிறது.

பெரிய மாமா அதோடு விடவில்லை. ஃபில்டரின் அடியில் இருந்த திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் டீஸலைப் பிடித்துத் திண்ணையில் வைத்தார். சிறிது நேரத்தில் அடியில் விரற்கடை அளவு தண்ணீர் பிரிந்து நின்றது. கடலோரத்து ஈரக் காற்று பாதி காலியான டாங்கிக்குள் போய், ராத்திரிக் குளிரில் நீராக இறங்குமாம். மழைக் காலத்தில் டாங்கியை நிரப்பியே வைக்கச் சொன்னார். எங்கள் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. தமிழ்நாட்டைவிட இங்கே வரி குறைவு என்பதால், எல்லை தாண்டி வந்து டீஸல் போட்டுக்கொண்டு போகிறவர்கள் எத்தனையோ பேர். இங்கேயே இருக்கிற நாங்கள்தான் ஐந்நூறு ரூபாய்க்கு, ஐந்நூறு ரூபாய்க்கு என்று போட்டு ஓட்டிக்கொண்டிருந்தோம். பேட்டரி முனைகளில் உப்புக் காற்றுக்குப் பச்சையாகப் பூத்திருந்தது. வெந்நீர் ஊற்றிச் சுரண்டி, வாஸலின் தடவினார். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் காற்று சூடேறாது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

இதெல்லாம் ஆன பிறகும் காலையில் ஒரு நிமிஷம் லேசாக வெள்ளைப் புகை வருகிறது. அதை மறைக்க மாட்டேன். எஞ்சின் ஓடும்போது நாஸில் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் துணி சுற்றித் தளர்த்திப் பார்த்தார். நன்றாக வேலை செய்கிற சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் எஞ்சின் சத்தம் தொய்கிறது. மூன்றாவதைத் தளர்த்தியபோது பெரிய வித்தியாசமே இல்லை. “இவன்தான் நொண்டி. வளையம் தேஞ்சு போச்சு. சூடானா நடந்துடுவான்” என்றார். நீங்கள் யாரும் இந்தப் பரீட்சையைச் செய்து பார்க்காதீர்கள். அந்தக் குழாயிலிருந்து பீறிடும் டீஸல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்க்கச் சின்னப் புள்ளியாக இருக்கும், கையே போய்விடும் ஆபத்து. இன்னொன்று: கார் பிடிக்காதபோது ஏர் ஃபில்டரில் பெட்ரோல் நனைத்த துணியை வைக்கிற வழக்கம் சில பையன்களிடம் இருக்கிறது. ஹீட்டர் பிளக் பழுத்திருக்கும்போது அப்படிச் செய்வது வெடி வைப்பதற்குச் சமானம். அந்த வெள்ளிக்கிழமை ஒரு பையன் துணியோடு வந்தான். அத்தை திட்டித் துரத்திவிட்டார். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிடவும் கூடாது. அந்தப் புகையில் உயிரைக் குடிக்கிற வாயு உண்டு.

டீஸல் என்பது ஒரு மனுஷரின் பெயர் என்று உங்களுக்குத் தெரியுமோ? எனக்கு என் பையன் சொல்லித்தான் தெரியும். ருடால்ஃப் டீஸல் என்ற ஜெர்மானியர், 1897-ல் இந்த எஞ்சினை ஓட்டிக் காட்டினார். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீஸல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டினார்களாம்! ஆப்பிரிக்காவில் தங்கள் காலனிகளில் விளைகிற எண்ணெயிலேயே எஞ்சின் ஓடுமா என்று பிரெஞ்சு சர்க்காருக்கு ஆசை. அப்போது எங்கள் காரைக்காலும் பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான் இருந்தது. 1954 நவம்பர் 1 வரைக்கும் இருந்தது. பாவம், அந்த டீஸல் 1913-ல் இங்கிலாந்துக்குப் போன கப்பலிலிருந்து ராத்திரியில் காணாமல் போனார். பிறகு உடல்தான் கடலில் கிடைத்தது. கடலோரத்துப் பெண்ணான எனக்கு இதைக் கேட்டதும் என்னவோ போல் இருந்தது.

விற்கிற பேச்சு இப்போதும் வருகிறது. வரத்தான் வேண்டும். பழைய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 2025-ல் இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். டில்லியில் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டீஸல் வண்டி ஓடக் கூடாதென்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்த வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தவள் நான். எதிர் வீட்டு அக்காவுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ராத்திரியே காரைச் சாலைச் சரிவில், வீடுகளைத் தாண்டி, பின் குழாய் திறந்த வெளியைப் பார்க்கும்படி நிறுத்துகிறார். பிடித்த பிறகுதான் வாசலுக்குக் கொண்டு வருகிறார். புகைப் பரீட்சையில் அளவு 65-க்குள் இருக்க வேண்டும். எங்கள் கார் 50-ஐ ஒட்டி வருகிறது. அது ஏறினால் பிறகு அத்தையிடம் பேச வேண்டும். யார் பேசுவது என்பது இன்னும் முடிவாகவில்லை.

பெரிய மாமா கூலி வாங்க மறுத்துவிட்டார். சுறாப்புட்டுத்தான் வேண்டுமாம், அதுவும் அத்தை கைப்பக்குவத்தில். அத்தை நாற்காலியில் உட்கார்ந்து, இஞ்சி போதாது, மஞ்சள் ஜாஸ்தி என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் செய்தேன். உப்பும் தண்ணீரும் அளந்து சாப்பிட வேண்டியவர் அத்தை. ஒரு வாய் மட்டும் ருசி பார்த்துவிட்டுத் தட்டைப் பெரிய மாமா பக்கம் தள்ளிவிட்டார்.

இப்போதும் திங்கள், புதன், வெள்ளி தவறுவதில்லை. சரிவில் கார் நிற்கும் இடத்துக்கே அத்தை மெல்ல நடந்து வந்து, எஞ்சின் பிடிப்பதற்கு முன்பே பின் ஸீட்டில் ஏறிவிடுவார். ஹீட்டர் போட்டதும் இருபது எண்ணுகிற பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டுவிட்டார். நான் பின்னால் நின்று புகை பார்க்கிறேன், அத்தை உள்ளே எண்ணுகிறார், நடுவில் என் கணவர் சாவியைப் பிடித்துக்கொண்டு உத்தரவுக்குக் காத்திருக்கிறார். போன வெள்ளிக்கிழமை கார் பிடித்துக் கிளம்பின பிறகும் அத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். என்ன அத்தை என்று கேட்டேன்.

“பதினெட்டுலயே திருப்பிட்டான்” என்றார்.